சாயத்தைப் பார்த்து ஏமாறாதீங்க! டீக்கடைக்கு நல்ல தூள் வாங்குவது எப்படி?

(நமது நிருபர்)

சென்னை,

"அண்ணே, சும்மா ஒரு கிலோ போட்டுப் பாருங்க. அரை ஸ்பூன் போதும், சாயம் கும்முனு இறங்கும். நீங்க வாங்குற தூளைவிட கிலோவுக்கு 80 ரூபாய் கம்மி. பில்லு கில்லு எல்லாம் எதுக்குண்ணே?"

டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிது அல்ல. காலைக் கூட்டம் ஓய்ந்து, மாஸ்டர் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து ஆசாமி வந்து நிற்பார். வண்டியின் பின்னால் மூட்டை. கையில் ஒரு பொட்டலம். பெயரும் கிடையாது, விலாசமும் கிடையாது.

வாங்கலாமா, வேண்டாமா? பால் விலை, கியாஸ் விலை, கடை வாடகை எல்லாம் கழுத்தை நெரிக்கிறது. தூளிலாவது நாலு காசு மிச்சம் பிடிக்கலாமே என்று சின்னக் கடைக்காரருக்குச் சபலம் தட்டுவது சகஜம்.

அந்த ஆசாமியின் பேச்சில் மூன்று தூண்டில் இருக்கிறது. சாயம் இறங்கினால் நல்ல தூள் என்பது ஒன்று. விலை குறைந்தால் லாபம் என்பது இரண்டு. பில் தேவை இல்லை என்பது மூன்று. மூன்றுமே தப்பு. மூன்றாவதில் மாட்டினால் லட்சக்கணக்கில் அபராதம்!

விலை மலிவாகவும் வேண்டும், டீ நன்றாகவும் இருக்க வேண்டும், சிக்கலும் வரக்கூடாது. அப்படித் தூள் வாங்க முடியுமா? முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாக்கும், சின்னத் தராசும், கொஞ்சம் பொறுமையும் போதும். விவரம் வருமாறு:-

மலையில் இருந்து பாய்லருக்கு

தமிழ்நாட்டு டீக்கடைகளில் கொதிக்கும் தூளில் பெரும் பங்கு நீலகிரி மலையில் இருந்து வருகிறது. இரண்டு இலை, ஒரு மொட்டு. இதுதான் நல்ல பறிப்பு. ஏறத்தாழ நாலரை கிலோ பச்சை இலை பறித்தால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

பறித்த இலையை வாட வைக்கிறார்கள். பிறகு சி.டி.சி. என்ற இயந்திரத்தில் விடுகிறார்கள். பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுற்றும். இலை அதற்குள் நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக விழும். 1930-களில் அஸ்ஸாமில் வந்த முறை இது. சீக்கிரம் சாயம் இறங்கும் டீயை ஊருக்கெல்லாம் கொடுத்தது இந்த இயந்திரம்தான்.

பச்சையாக விழும் குருணையைக் காற்றுப்பட வைத்தால் செம்பு நிறம் ஆகும். இதைத் தொழிலில் 'புளிக்க வைப்பது' என்கிறார்கள். இட்லி மாவு மாதிரி நிஜமாகவே புளிப்பது இல்லை. வெட்டிய ஆப்பிள் பழம் பழுப்பாவது போன்ற சமாச்சாரம்தான். டீயின் நிறம், சுவை எல்லாம் பிறப்பது இங்கேதான். நேரம் குறைந்தால் பச்சை வாடை. நேரம் கூடினால் நிறம் கறுத்துவிடும், சுவை செத்துவிடும்.

அதாவது, ரொம்பக் கறுப்பாகச் சாயம் இறங்குவது நல்ல தூளுக்கு அடையாளமே அல்ல. கெட்டுப்போன தூளும் கறுப்பாக இறங்கும்!

உலர்த்திச் சலித்த தூள் ஏலத்துக்குப் போகிறது. தென்னிந்தியாவில் கொச்சியில் 1947-ல் தேயிலை ஏலம் தொடங்கியது. குன்னூரில் 1963-லும், கோவையில் 1980-லும் ஏல மையங்கள் வந்தன. முன்பு மண்டபத்தில் கூடி, சுத்தியல் தட்டி விற்றார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஏலம். ஏலத்தில் எடுக்கும் வியாபாரி, மொத்தக் கடை, பாக்கெட் கம்பெனி என்று கை மாறித்தான் நம்ம ஊர் டீக்கடைக்கு வந்து சேருகிறது.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்

"இது சூப்பர் ரெட் டஸ்ட்", "இது சூப்பர் பைன் டஸ்ட்", "இது பீக்கோ டஸ்ட்" என்று மொத்தக் கடையில் அடுக்குவார்கள். 'சூப்பர்' என்றதும் உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பெயர்கள் எல்லாம் சல்லடையின் கணக்கு. குருணை எவ்வளவு பெரிசு, எவ்வளவு சின்னது என்பதைத்தான் சொல்லும். தரத்தைச் சொல்லாது. ஒரே பெயரில் ஒரு பாக்டரியின் தூள் தேவாமிர்தமாக இருக்கும். இன்னொரு பாக்டரியின் தூள் கழுநீராக இருக்கும்.

டீக்கடைக்கு ஏன் பொடித் தூள்? காரணம் உண்டு. பொடியாக இருந்தால் சாயம் நொடியில் இறங்கும். ஆபீசுக்கு ஓடுகிறவர் அஞ்சு நிமிஷம் காத்திருக்க மாட்டார். துணிப் பையில் தூளைப் போட்டுக் கொதி தண்ணீர் ஊற்றினால் உடனே டிகாக்ஷன் இறங்க வேண்டும். பெரிய குருணைத் தூள் அந்த வேகத்துக்குச் சரிப்படாது. அது வீட்டில் மூடி வைத்து, நிதானமாக வடிகட்டிக் குடிப்பவர்களுக்கு.

ஆனால் ரொம்ப மாவு மாதிரி இருந்தாலும் தொல்லை. துணியை அடைத்துக் கொள்ளும். கிளாசின் அடியில் வண்டல் நிற்கும். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். குருணையாக உருள வேண்டும். விபூதி மாதிரி அப்பிக் கொண்டால் வேண்டாம்.

உறிஞ்சு, துப்பு!

தேயிலைத் தொழிலில் 'டேஸ்டர்' என்று ஒருவர் உண்டு. டீ குடித்துப் பார்ப்பதே வேலை. குடித்துப் பார்ப்பது என்றால் விழுங்குவது அல்ல. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சுவைப்பவர் எல்லாவற்றையும் விழுங்கினால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

நீளமான மேஜை. அதில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதி தண்ணீர், ஒரே நேரம். 1980-ல் சர்வதேசத் தர அமைப்பு இதற்கு ஒரு விதியே எழுதி வைத்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள். ஊற வைக்கும் நேரம் 6 நிமிஷம். இந்தியாவில் பல இடங்களில் 5 நிமிஷக் கணக்கும் உண்டு.

டேஸ்டர் முதலில் உலர்ந்த தூளைப் பார்ப்பார். பிறகு ஊறிய சக்கையைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். சக்கை புதுச் செப்புக்காசு மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தோஷம். பச்சை அடித்தாலோ, கறுத்துக் கிடந்தாலோ முகம் சுளிப்பார்.

அப்புறம்தான் சுவை. கரண்டியில் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று ரூமே அதிர உறிஞ்சுவார். நாலு பேர் முன்னால் இப்படிக் குடித்தால் நம்ம வீட்டில் திட்டு விழும். ஆனால் அங்கே அதுதான் முறை. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் வாசனை மூக்குக்கு ஏறும். நாக்கு முழுவதும் டீ பரவும். உடனே துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார்.

அவர் தேடுவது மூன்று. டீ நாக்கில் சுருக்கென்று பிடிக்கிறதா? வாயில் கனமாக நிற்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா? நிறம் பளிச்சென்று இருக்கிறதா, மங்கலாகக் கலங்கி நிற்கிறதா?

குற்றமும் அதே நாக்கில் தெரிந்துவிடும். புகை வாடை, தீய்ந்த வாடை, ஈரம் பட்டுப் பூத்த வாடை. எதையும் மறைக்க முடியாது.

உங்கள் கடையிலேயே செய்யலாம்

இந்த வித்தைக்குக் குன்னூர் போக வேண்டியது இல்லை. மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் அரை மணி ஒதுக்கினால் போதும். செய்முறை இதோ:-

மொத்தக் கடையில் மூன்று விதத் தூளில் நூறு நூறு கிராம் வாங்குங்கள். நாலாவதாக, இப்போது நீங்கள் போடும் தூளையும் வையுங்கள். கிராம் கணக்கில் நிறுக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வேண்டும். ஸ்பூன் கணக்கு உதவாது. பொடித் தூள் ஸ்பூனில் அதிகம் பிடிக்கும், குருணைத் தூள் குறைவாகப் பிடிக்கும்.

நாலு கிளாசிலும் 2 கிராம் தூள். 100 மில்லி கொதி தண்ணீர். ஐந்து நிமிஷம் தட்டு போட்டு மூடி வையுங்கள். வேறு கிளாசில் வடிகட்டுங்கள்.

முக்கியமான விஷயம்: தண்ணீர் உங்கள் கடைத் தண்ணீராக இருக்க வேண்டும். சென்னையில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். மெட்ரோ தண்ணீர் ஒரு ருசி, போர் தண்ணீர் ஒரு ருசி, கேன் தண்ணீர் ஒரு ருசி. உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீரில் எந்த டீயும் மங்கிப் போகும். மேலே ஆடை மாதிரிப் படலம் கட்டும். மொத்தக் கடையில் நல்ல தண்ணீரில் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து மயங்கி 10 கிலோ வாங்கி வந்து, போர் தண்ணீரில் போட்டுவிட்டு முழிக்கக் கூடாது.

கிளாசின் அடியில் நம்பர் எழுதிய சீட்டை ஒட்டி, இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எது எந்தத் தூள் என்று குடிப்பவருக்குத் தெரியக் கூடாது. விலை தெரிந்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும்! முதலாளி, மாஸ்டர், தினமும் வரும் வாடிக்கைக்காரர் ஒருவர். மூன்று பேர் போதும். வெற்றிலை, சிகரெட் போட்ட வாய் வேண்டாம்.

முதலில் பால், சர்க்கரை இல்லாமல் ஒரு வாய். அப்புறம் நாலு கிளாசுக்கும் ஒரே அளவு பால் ஊற்றுங்கள். இங்கேதான் குட்டு வெளிப்படும். நல்ல தூள் பால் பட்டதும் பொன்னிறமாக, செவேல் என்று எழும்பும். மட்டமான தூள் சாம்பல் பூத்த மாதிரி மங்கி விடும். கறுப்பாக இருந்தபோது சூரனாகத் தெரிந்த தூள், பால் பட்டதும் சப்பென்று போய்விடுவதும் உண்டு.

பத்து நிமிஷம் ஆறவிட்டு இன்னொரு வாய் குடியுங்கள். சூட்டில் மறைந்திருந்த குற்றம் ஆறிய டீயில் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. கொஞ்சம் டிகாக்ஷன் எடுத்து, கடையில் வைப்பது போலவே அரை மணி நேரம் சூட்டில் வையுங்கள். எந்தத் தூள் கசந்து போகிறது, எது தாக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். எட்டரை மணிக்கு வரும் வாடிக்கைக்காரர் குடிப்பது எட்டு மணி டிகாக்ஷனாகவும் இருக்கலாம் அல்லவா?

நாலும் நாலு விதமாக இருந்தால் கலந்தும் பார்க்கலாம். நீலகிரித் தூள் வாசனைக்குப் பேர் போனது. அஸ்ஸாம் தூள் கனத்துக்குப் பேர் போனது. மூணு பங்குக்கு ஒரு பங்கு கலந்து சுவைத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட் கம்பெனிகளும் பல பாக்டரித் தூளைக் கலந்துதான் ஒரே ருசியைப் பிடிக்கிறார்கள். தூளோடு தூள் கலப்பது தொழில். தூளோடு வேறு எதைக் கலந்தாலும் அது குற்றம்.

கிலோ கணக்கு வேண்டாம், கிளாஸ் கணக்கு போடுங்க!

இப்போது காசுக்கு வருவோம்.

ஒரு தூள் கிலோ 220 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இன்னொன்று 300 ரூபாய். கிலோவுக்கு 80 ரூபாய் வித்தியாசம். பார்த்தால் பெரிசாகத்தான் தெரியும்.

220 ரூபாய்த் தூள் சோதனையில் தண்ணீராக நின்றது. வாடிக்கைக்காரர் கேட்கும் 'ஸ்ட்ராங்' வர கிளாசுக்கு 3 கிராம் போட வேண்டி இருக்கிறது. அப்படியானால் கிலோவுக்கு 333 கிளாஸ். ஒரு கிளாசுக்குத் தூள் செலவு 66 காசு.

300 ரூபாய்த் தூள் 2 கிராமிலேயே நின்றது. கிலோவுக்கு 500 கிளாஸ். ஒரு கிளாசுக்கு 60 காசு.

எது மலிவு?

தினம் 400 கிளாஸ் ஓடும் கடையில் 'மலிவு'த் தூளுக்கு 264 ரூபாய். 'விலை கூடிய' தூளுக்கு 240 ரூபாய். மாதத்தில் 720 ரூபாய் போயே போச்சு!

எல்லாத் தூளுக்கும் இந்தக் கணக்கு இப்படியே வராது. சில சமயம் மலிவுத் தூளே ஜெயிக்கும். அப்படி ஜெயித்தால் தாராளமாக வாங்குங்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு.

இன்னொன்றையும் யோசியுங்கள். கிளாசுக்கு 60 மில்லி பால் என்று வைத்தால், லிட்டர் 50 ரூபாய்ப் பாலில் அதுவே 3 ரூபாய் ஆகிறது. தூள் வெறும் 60 காசு. கிலோ 400 ரூபாய்த் தூள் போட்டாலும், 2 கிராமுக்கு 80 காசுதான். டீக்கடைச் செலவில் சின்னச் செலவு தூள். ஆனால் டீ நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று பேர் வாங்கிக் கொடுப்பதும் அதே தூள்தான். மூணு ரூபாய்ப் பாலை 10 காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கெடுப்பானேன்?

சாயம் பூசிய மோசடி

சரி, மூட்டைத் தூள் எப்படி அவ்வளவு மலிவாக வருகிறது?

கலப்படக்காரனின் வழிகள் பல. டீக்கடைகளிலும் ஓட்டல்களிலும் கொதித்துப் போட்ட சக்கையை வாங்கிக் காய வைப்பது ஒன்று. முந்திரிக் கொட்டைத் தோல், புளியங்கொட்டைத் தோல் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துக் கலப்பது இன்னொன்று. பாக்டரியில் கழித்துப் போட்ட கழிவை நல்ல தூளில் சேர்ப்பது மற்றொன்று. இந்தக் கழிவை இஷ்டம் போல் விற்க முடியாதபடி 1959-லேயே மத்திய அரசு தனி உத்தரவு போட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சக்கையில் சத்து ஏது, சாயம் ஏது? எனவே செயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள். இனிப்புக்கும் கேசரிக்கும் போடும் கலர்ப்பொடி முதல் சாப்பாட்டுக்கே ஆகாத சாயம் வரை எதுவும் இருக்கலாம். தேயிலையில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. துளி சேர்த்தாலும் கலப்படம்தான்.

'அரை ஸ்பூன் போதும், சாயம் கும்முனு இறங்கும்' என்ற பேச்சின் ரகசியம் இதுதான். இறங்குவது தேயிலை அல்ல, கலர்!

கண்டுபிடிப்பது சுலபம்:-

வெள்ளைத் தாளில், வடிகட்டும் தாளோ உறிஞ்சும் தாளோ நல்லது, கொஞ்சம் தூளைப் பரப்புங்கள். மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சற்று நேரத்தில் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூளாக இருந்தால் கறை நிற்காது. சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் கறுப்பும் பழுப்புமாகக் கறை பிடித்துக் கொள்ளும்.

கண்ணாடிக் கிளாசில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். கலக்க வேண்டாம். நல்ல தூள் மெதுவாக நிறம் விடும். போட்ட மாத்திரத்தில் கலர் கோடு கோடாக இறங்கினால் உஷார்!

காந்தத்தைத் தூளில் துழாவிப் பாருங்கள். ஓரிரு துகள் ஒட்டினால் பயப்பட வேண்டாம். இயந்திரத்தின் பல் தேய்ந்து கொஞ்சம் இரும்பு சேருவது உண்டு. கொத்துக் கொத்தாக ஒட்டினால் அது எடைக்காகப் போட்ட இரும்புத் தூள்.

இவை வீட்டுச் சோதனைகள். சந்தேகத்தைக் கிளப்பும். முடிவைச் சொல்வது அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம்தான்.

பில் இல்லையா? மாட்டிக்கொள்வது நீங்கள்!

மூன்றாவது தூண்டிலுக்கு வருவோம். இதுதான் பெரிய முள்.

முன்பு கலப்படத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் இதன்படிதான் நடவடிக்கை.

கலப்படப் பொருளை விற்றாலோ இருப்பு வைத்தாலோ அபராதம். உடம்புக்குக் கெடுதல் இல்லாத கலப்படம் என்றால் 2 லட்சம் ரூபாய் வரை. கெடுதலான கலப்படம் என்றால் 10 லட்சம் ரூபாய் வரை. உடம்புக்கு ஆபத்தான உணவு என்று ஆகிவிட்டால் ஜெயில் வரை போகும்.

அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்போது மூட்டைத் தூள் ஆசாமி பக்கத்தில் இருக்க மாட்டார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. கடை உங்களுடையது. பெயர்ப்பலகை உங்களுடையது.

இங்கேதான் பில் கை கொடுக்கிறது. தமக்கு விற்றவர் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்று சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது. தனியாக உத்தரவாதக் கடிதம் இல்லாவிட்டாலும், விற்பனை பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, அந்தத் துண்டுச் சீட்டுதான் 'நான் இன்னாரிடம் வாங்கினேன்' என்று கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஆதாரம். பில் இருந்தால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்தது என்று அர்த்தம் அல்ல. வாங்குவதில் நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்று காட்ட அது முதல் சாட்சி.

பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு லைசென்சின் 14 இலக்க எண் இருக்கிறதா, தயாரித்தவர் விலாசம் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பில்லைக் கிழித்துப் போடாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள்.

மாதிரி எடுத்தால் பதற வேண்டாம். எடுத்த மாதிரியை நாலு பங்காகப் பிரித்து சீல் வைக்க வேண்டும் என்பது விதி. அதில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. இது பலருக்குத் தெரிவது இல்லை.

சக்கையை விற்காதீங்க

மூட்டைத் தூள் விற்பவனைப் போலவே, சக்கை வாங்குபவனும் கடை தேடி வருவான். "கொட்டுறதுதானே முதலாளி, எங்களுக்குக் குடுங்க. உரத்துக்கு" என்பான்.

உரத்துக்கே போகலாம். திரும்பவும் சாயம் பூசி இன்னொரு டீக்கடைக்கும் போகலாம். இன்று நீங்கள் விற்ற சக்கை அடுத்த மாதம் பொட்டலமாக உங்கள் கடைக்கே வந்தாலும் ஆச்சரியம் இல்லை! ஆள் யார் என்று தெரியாவிட்டால் கொடுக்காதீங்க. குப்பையில் போடும்போது ஈரக் குப்பையோடு கலந்து கொட்டிவிட்டால், யாரும் அள்ளிக் காய வைக்க முடியாது.

நல்ல தூளும் கெட்டுப்போகும்

பார்த்துப் பார்த்து வாங்கிய தூளைப் பெனாயில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் டீயும் பெனாயில் மணக்கும். அக்கம்பக்கத்து வாடையை இழுத்துக் கொள்ளும் குணம் தேயிலைக்கு உண்டு. ஊதுவத்தி, பெருங்காயம், சோப்பு, பீடிக்கட்டு எதுவும் கிட்டே ஆகாது.

இறுக்கி மூடும் டப்பா. பாய்லர் ஆவி படாத இடம். ஒரு வாரம், பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது. இவை போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று மாதக் கணக்கில் வாங்கி அடுக்கினால், கடைசி மூட்டை பிரிக்கும்போது மணம் போயிருக்கும்.

மழைக்காலத்தில் மலையில் இலை மளமளவென்று வளரும். வரத்து கூடும். அதே பாக்டரி, அதே பெயர். ஆனால் கனம் குறையலாம். எனவே நாக்குச் சோதனையை வருஷத்துக்கு ஒரு தரம் என்று வைக்காமல், புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் ஒரு கிளாஸ் போட்டுப் பார்ப்பது நல்லது.

மலையிலும் ஒரு குடும்பம்

நீலகிரியில் தேயிலை என்றால் பெரிய எஸ்டேட் மட்டும் அல்ல. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஏராளம். இவர்களுக்காகக் கூட்டுறவு பாக்டரிகள் உண்டு. அவற்றின் தலைமை அமைப்பு இன்ட்கோசர்வ். 1965-ல் தொடங்கியது. ரேஷன் கடையில் விற்கும் 'ஊட்டி டீ' இவர்கள் சரக்குதான். இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் பிறகு 'டான்டீ' ஆயின.

பச்சை இலைக்கு டீ போர்டு மாதந்தோறும் அறிவிக்கும் விலை, ஏல விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. சந்தையில் சாயம் பூசிய சக்கை பெருகினால் நல்ல தூளுக்குக் கிராக்கி குறையும். ஏலத்தில் விலை சரியும். அடி விழுவது இலை பறிக்கும் குடும்பத்தின் அடுப்பில். 2023-ல் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதப் போராட்டமே நடத்தினார்கள்.

அடுத்த கடை பத்தடி தூரத்தில்

டீ நன்றாக இல்லை என்று சண்டை போடும் வாடிக்கைக்காரர் அபூர்வம். பாதி கிளாசை வைத்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் எதிர்க்கடையில் நிற்பார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

அவர் டேஸ்டர் அல்ல. சூப்பர் ரெட் டஸ்ட் தெரியாது, ஏலம் தெரியாது, 26-வது பிரிவு தெரியாது. ஆனால் ஒரு வாய் குடித்ததும் அவர் நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்கு முன்னால் அந்த டீயைக் கடைக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டால் போதும். பத்தடி தள்ளி இருக்கும் கடைக்கு அவர் போக வேண்டியது இல்லை.